கடைமடைக்காரரின் கட்சி எது?

2025 மார்ச் 2, வேலந்தாவளத்து வாசகர் ஒருவரின் கேள்வி

பொதுவுடைமை, தாராளவாதம், பழமைவாதம், தேசியவாதம் ஆகியவற்றைப் போல, இயற்கை வளம் தீராமல் வாழ வேண்டும் என்னும் நிலைத்தன்மையையும் ஓர் அரசியல் கொள்கை என்று சொல்ல முடியுமா? முடியாது என்பது என் கருத்து. எல்லாக் கட்சிகளும் தேர்தல் அறிக்கையில் எழுதிவைக்கும் ஒன்று எப்படித் தனிக் கொள்கையாகும்? தண்ணீரை வீணாக்காதே என்பது வீட்டில் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி. அதற்குக் கொடி எதற்கு?

மார்ச் 2, இரவு

எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்டிருப்பது சொல்லை மட்டுமே. கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோரம், எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் வாய்க்கால் பாசனம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் இருப்பவர் தம் வயல் நிறைந்த பிறகும் மடையை அடைக்காவிட்டால் வாய்க்கால் முடியும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது என்பது ஊரில் அனைவருக்கும் தெரியும்; அது தவறு என்பதையும் அனைவரும் ஒப்புக்கொள்வார்கள்; ஆயினும் இரவு இரண்டு மணிக்கு அந்த மடையை யார் போய் அடைப்பது, அடைக்க மறுத்தால் யார் கேட்பது, கேட்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்று பேச்சு வந்தவுடன் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். அரசியல் அங்கேதான் தொடங்குகிறது.

பொருள் யாருடையது, முடிவெடுப்பவர் யார், இழப்பு வந்தால் யார் தலையில் விழும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்வதையே கொள்கை என்று நான் கருதுகிறேன். தாராளவாதம் தனிமனிதரை முன்வைத்து விடை சொல்கிறது. பொதுவுடைமை உழைக்கும் வர்க்கத்தை முன்வைக்கிறது. தேசியவாதம் நாட்டை முன்வைக்கிறது. நிலைத்தன்மை பேசுவோர் இந்தப் பங்காளிகள் எவருடைய பட்டியலிலும் இல்லாத ஒருவரைக் கூட்டி வருகிறார்கள். அவர் இன்னும் பிறக்கவில்லை. நார்வேயின் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து தலைமையிலான உலக ஆணையம் 1987இல் தந்த வரையறையின் சாரம் இதுதான்: வருங்காலத் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். பிறக்காதவர் காலத்தின் கடைமடையில் நிற்பவர் என்றால், அவருக்கு முறைநீர், அதாவது முறைவைத்துப் பெறும் நீர்ப்பங்கு, உண்டு என்று சொல்வது புத்திமதி ஆகாது. அது உரிமைக் கோரிக்கை. எனவே இதுவும் ஓர் அரசியல் கொள்கையே.

மார்ச் 3

சொல்லைப் பற்றி ஒன்று. எங்கள் பக்கத்து ஊராட்சி அலுவலகப் பலகைகளில் மலையாளத்தில் ‘சுஸ்திர விகசனம்’ என்று எழுதியிருக்கும். தமிழில் நாம் வளங்குன்றா வளர்ச்சி என்கிறோம். இரண்டிலும் வளர்ச்சிதான் பெயர்ச்சொல். மற்றது அதற்கு முன்னால் நிற்கும் அடைமொழி. அடைமொழியை எடுத்துவிட்டாலும் வாக்கியம் கெடாது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். திட்ட அறிக்கைகளிலும் நடப்பது அதுவே.

இச்சிந்தனையின் பிறப்பிடமும் கவனிக்கத்தக்கது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், உலைகளுக்கு விறகு தீர்ந்துவருவதைக் கண்டு, வளரும் அளவுக்கு மேல் மரம் வெட்டக் கூடாது என்று 1713இல் எழுதினார். அவருடைய கவலை சுரங்கத் தொழிலைப் பற்றியது, காட்டைப் பற்றியது அன்று.

மார்ச் 5

பிளாச்சிமடையை ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டியது என்பதால் ஒதுக்கி வைத்திருந்தேன்.

பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்ட அந்த ஊரில் 2000ஆம் ஆண்டில் குளிர்பான ஆலை வந்ததும், கிணற்று நீர் கெட்டுப்போனதாகவும் வற்றியதாகவும் குற்றம் சாட்டி 2002 ஏப்ரலில் மயிலம்மா உள்ளிட்ட பழங்குடி மக்கள் ஆலை வாசலில் பந்தலிட்டு அமர்ந்ததும், 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும், 2004 மார்ச்சில் ஆலை நின்றதும் இங்குள்ள அனைவருக்கும் தெரிந்தவை. நம் கேள்விக்கு உதவுபவை அதை ஒட்டிக் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன இரண்டு தீர்ப்புகள்.

2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் அனைவரின் சொத்து என்றும், அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்றும், நிலம் வைத்திருப்பதாலேயே ஒருவர் கணக்கின்றி நீரை உறிஞ்ச முடியாது என்றும் சொன்னார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, தன் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை நியாயமான அளவில் எடுக்க நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்ற இடத்திலிருந்து தொடங்கி, நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று அனுமதித்தது. நீதிமன்றமும் அதே, கிணறுகளும் அவையே. மாறியது, நீர் யாருடையது என்ற முதல் கேள்விக்கான விடை. அது மாறியதும் ஏனைய விடைகளும் மாறின. நிலைத்தன்மைக்கென்று தனி அரசியல் இல்லை என்பவர்கள் அந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.

தொடர்ச்சியும் உண்டு. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011இல் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான சட்டவரைவை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இழப்பு யார் தலையில் விழும் என்ற மூன்றாவது கேள்விக்கு அந்த ஊர் மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் உடம்பால் விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 6

“இவ்வளவுக்கும் முதலாளித்துவம்தான் காரணம், பொதுவுடைமை வந்தால் நிலைத்தன்மை தானாக வரும்” என்று எழுதிய நண்பருக்கு: ஏரல் கடல் வற்றியது சோவியத் ஆட்சியில்தான். பருத்திக்காக ஆமூ தாரியா, சிர் தாரியா ஆகிய இரண்டு ஆறுகளையும் 1960களிலிருந்து திருப்பிவிட்டதில் தனியார் இலாபம் எங்கும் இல்லை. திட்ட இலக்கு இருந்தது.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். நம் பாலக்காட்டு மாவட்டத்தின் சைலண்ட் வேலி மழைக்காட்டில் குந்திப்புழையின் குறுக்கே மாநில மின்வாரியம் அணை கட்ட முயன்றபோது, மலபாருக்கு மின்சாரம், வேலை, தொழில் என்ற பெயரில் காங்கிரசும் மார்க்சிஸ்டுக் கட்சியும் அணையின் பக்கமே நின்றன. எதிர்த்து நின்ற, அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்லும் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தில் இடதுசாரி ஆசிரியர்கள் ஏராளமாக இருந்தார்கள். ஒரே கொடியை நேசித்தவர்கள் அந்தக் காட்டின் முன் இரண்டாகப் பிரிந்தார்கள் என்றால், அந்தக் கொடி விடை சொல்லாத கேள்வி ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

மார்ச் 9

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் எழுத முடியாது.

அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1997இல் ஆலப்புழைப் பக்கம் நெல்வயலை மண் கொட்டி மாற்றி வைத்திருந்த வாழையையும் தென்னங்கன்றையும் சங்கத்தார் வெட்டிச் சாய்த்த போராட்டம் நடந்தது; மலையாளத்தில் ‘வெட்டிநிரத்தல்’ என்பார்கள். நட்டு வளர்த்த மரத்தை வெட்டுவது பாவம் என்று அம்மா நாள் முழுவதும் பேசாமல் இருந்தார். அப்பா திண்ணையில் அமர்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “வயல் போச்சுன்னா நடவு போச்சு, நடவு போச்சுன்னா பொம்பளைங்க கூலி போச்சு” என்றார். அதற்கு மேல் அவர் எதையும் விளக்கவில்லை. வயல் நீரைத் தேக்கும், கிணற்றுக்கு ஊற்றுக் கொடுக்கும், தவளைக்கும் நாரைக்கும் இடம் கொடுக்கும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்கு அது கூலிப் பிரச்சினை.

அதே வயலைக் காக்க 2008இல் கேரள அரசு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இது அரசின் தடை. 2020இல் நெல்வயலை மாற்றாமல் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு எக்டேருக்கு 2,000 ரூபாய் ராயல்டி என்ற திட்டம் வந்தது. இது சந்தையின் மொழி. வயல் செய்யும் சேவைக்கு விலை கொடுப்பது. முதலில் வர்க்கப் போராட்டம், பின்னர் சட்டம், அதன் பின்னர் பணம் என மூன்று வெவ்வேறு நம்பிக்கைகள் ஒரே வரப்பில் வந்து நின்றிருக்கின்றன. 1970களின் நடுவில் மாநிலத்தில் 8 இலட்சம் எக்டேருக்கு மேல் இருந்த நெல் சாகுபடிப் பரப்பு இன்று 2 இலட்சம் எக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே ஒரு வயலைக் காப்பாற்ற நிலைத்தன்மை என்ற கொள்கை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூலியை மட்டும் நினைத்த அப்பாவும் அதையே செய்தார். இது நான் 2ஆம் தேதி எழுதியதற்கு இடறலாக இருக்கிறது. யோசிக்க வேண்டும்.

மார்ச் 10

6ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டுச் சைலண்ட் வேலியின் ஆண்டுகளைக் கேட்டவருக்கு: அணைத் திட்டம் கைவிடப்பட்டது 1983இல், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1984 நவம்பரில், ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்தது 1985 செப்டம்பரில்.

மார்ச் 14

முதல் நாள் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மூன்று கேள்விகளையும் நானே வைத்தேன். நிலைத்தன்மை அவற்றில் இரண்டாவதற்கு விடை சொல்லவில்லை. இயற்கையையும் வருங்காலத்தையும் காக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகும், முடிவெடுப்பவர் யார் என்பது திறந்த வாசலாகவே கிடக்கிறது. அதன் வழியே எவரும் உள்ளே வரலாம், வந்தும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் விரிவான இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் நாஜி ஆட்சியில் இயற்றப்பட்டது. சீனப் பொதுவுடைமைக் கட்சி 2012இல் ‘சூழலியல் நாகரிகம்’ என்பதைத் தன் கட்சி விதிகளிலேயே சேர்த்தது. நாட்டின் நிலப்பரப்பில் 60 விழுக்காடு என்றென்றும் காடாக இருக்க வேண்டும் என்று பூட்டானின் 2008ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன், 1990களின் தொடக்கத்தில், அந்நாட்டின் நேபாளி மொழி பேசும் மக்களில் பெருந்தொகையினர் வெளியேற்றப்பட்டு நேபாளத்து முகாம்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். மாநில எல்லைக்கு இப்பால் மொழிச் சிறுபான்மையாக வாழும் நமக்கு, காட்டை மட்டும் பார்த்து ஒரு நாட்டைப் பாராட்டிவிட்டு நகர மனம் வராது, வரவும் கூடாது.

இலங்கையை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. 2021இல் அந்நாட்டு அரசு நாடு முழுவதையும் ஒரே மூச்சில் இயற்கை வேளாண்மைக்கு மாற்றுவதாகச் சொல்லி இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது. உழவர் எவரையும் கலந்து பேசவில்லை. மண்ணைப் பழக்க அவகாசம் தரவில்லை. மாற்று உரமும் போதுமான அளவில் இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலையும் அடிபட்டது, அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற்றார்கள். நான் என் தோப்பில் இரசாயன உரம் போடுவதை நிறுத்த நான்கு ஆண்டுகள் ஆயின. முதல் இரண்டு ஆண்டுகளில் காய் பாதியாகக் குறைந்தபோது வீட்டில் நடந்த பேச்சுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அதை ஒரு நாடு ஒரு பருவத்தில் செய்ய வேண்டும் என்று ஆணையிட்டால் அதன் பெயர் அறிவியலும் அன்று, அறமும் அன்று. அந்த ஆணையால் இயற்கை வேளாண்மை என்ற சொல்லே பல உழவர்களுக்குக் கசந்துபோனது.

எனவே திருத்திச் சொல்கிறேன்: நிலைத்தன்மை தனியாக நிற்கும்போது பாதிக் கொள்கை. முடிவெடுக்கும் முறையை அது வேறெங்கிருந்தாவது பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் பசுமைக் கட்சி 1980இல் தொடங்கியபோது சூழலியல், சமூக நீதி, அடித்தள மக்களாட்சி, வன்முறையின்மை என்ற நான்கு தூண்களை நட்டதற்கு அதுவே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. சூழலியல் ஒன்றே போதுமென்றால் மற்ற மூன்றையும் நட்டிருக்க மாட்டார்கள்.

மார்ச் 15

“பாதிக் கொள்கை என்றால் அந்தப் பாதி பழைய கொள்கைகளிலேயே இல்லையா” என்று வேலந்தாவளத்து நண்பர் கேட்கிறார். இருக்கிறது, மறக்கப்பட்ட மூலைகளில் இருக்கிறது. தனிச்சொத்துக்கு நியாயம் எழுதிய ஜான் லாக், பிறருக்குப் போதுமான அளவும் அதே தரத்திலும் மிஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தார். பழமைவாதத்தின் தந்தை எனப்படும் எட்மண்ட் பர்க், சமூகம் என்பது வாழ்வோரும் இறந்தோரும் பிறக்கவிருப்போரும் சேர்ந்த கூட்டு என்று 1790இல் எழுதினார். ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்தாலும் நிலத்தின் உரிமையாளர் ஆக முடியாது, அதை அனுபவிப்பவர் மட்டுமே, அடுத்த தலைமுறைக்கு மேம்படுத்திக் கையளிக்க வேண்டியவர் என்று மார்க்சும் எழுதியிருக்கிறார். மூவரும் மூன்று கட்சிகளுக்கு மூதாதையர்கள். அவர்கள் பெயரைச் சொல்லும் கட்சிகளின் மேடைகளில் இந்த வரிகளை நான் கேட்டதில்லை.

நம் அரசமைப்புச் சட்டத்திலும் இதைக் காணலாம். 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியே முகப்புரையில் ‘சமதர்ம’ என்ற சொல் சேர்ந்தது. அதே திருத்தத்தின் வழியேதான் சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்ற 48ஏ பிரிவும் சேர்ந்தது. ஒன்று முகப்புரையில் அமர்ந்தது. மற்றது நீதிமன்றத்தின் வழியே நேராக நிறைவேற்ற முடியாத வழிகாட்டு நெறிகளுக்குள் போனது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்து, மாசுபடுத்தியவரே இழப்புக்குப் பொறுப்பு என்பதை நாட்டின் சட்டமாக ஏற்கும் வரை இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

மார்ச் 19

ஜே. சி. குமரப்பாவை யாரும் குறிப்பிடவில்லையே என்று எனக்கு வருத்தம். தஞ்சாவூரில் பிறந்தவர், கணக்குத் தணிக்கையாளராகத் தொழில் தொடங்கியவர், காந்தியுடன் சேர்ந்தவர், கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டியில் கழித்தவர். நிலைத்த பொருளாதாரம் என்பதைப் பற்றி 1945இலேயே எழுதினார். புருண்ட்லாந்து ஆணையத்துக்கு 42 ஆண்டுகள் முன்னர். பூமிக்கடியில் தேங்கிக் கிடக்கும் நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றைத் தோண்டி வாழ்வது ஒரு வகை. ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும் மழை, மரம், மாடு ஆகியவற்றின் ஓட்டத்துக்குள் வாழ்வது மற்றொரு வகை. முன்னதைத் தேக்கப் பொருளாதாரம் என்றும் பின்னதை ஓட்டப் பொருளாதாரம் என்றும் நான் தமிழில் சொல்லிக்கொள்வேன். தேக்கத்தில் வாழ்பவர்கள் பங்குக்குச் சண்டையிட்டே ஆக வேண்டும், ஆகவே அது வன்முறையில் போய் முடியும் என்பது அவருடைய வாதம்.

நான் 14ஆம் தேதி தேடிய மறுபாதி இவரிடம் இருக்கிறது. உற்பத்தி ஊரளவில், முடிவு ஊரளவில், தேவைக்கு எல்லை. முழுக் கொள்கை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைக் காட்டுவேன்.

ஆனால் காந்தியர்களின் அறங்காவலர் கருத்தில் எனக்கு ஒரு முள் இருக்கிறது. செல்வந்தர் தம் சொத்தைச் சமூகத்தின் சார்பில் காக்கும் அறங்காவலராக நடந்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். நடந்துகொள்ளாவிட்டால்? அப்பா இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விடுவார்.

மார்ச் 23

எலப்புள்ளியிலிருந்து எழுதும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதை அப்படியே தருகிறேன்: “நான் வேலை உறுதித் திட்டத்தில் மண் வெட்டப் போகிறவள். பிறக்காத பிள்ளைக்கு முறைநீர் கேட்கிறீர்கள். பிறந்த பிள்ளைக்கு இன்று குடம் நிறையவில்லை. எங்கள் ஊரில் மது ஆலைக்கு இந்த ஜனவரியில் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தண்ணீர் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. வேலை வரும் என்கிறார்கள், அதுவும் வேண்டியிருக்கிறது. இரண்டும் எனக்கு உண்மை. உங்கள் கொள்கை இதில் யார் பக்கம்?”

மூன்று நாள்களாக இதற்கு விடை எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

1972இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி, வறுமையும் இல்லாமையும்தாம் மிகப் பெரிய மாசுபடுத்திகள் அல்லவா என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பின்னர் எத்தனையோ ஆலைகளுக்குக் கேடயமாகப் பிடித்தார்கள் என்பது உண்மை. அதனால் கேள்வி பொய்யாகிவிடவில்லை. நான் இதுவரை கடைமடை என்று எழுதிய இடங்களில் காலத்தின் கடைமடையை மட்டும் நினைத்தேன். இன்றே கடைமடையில் நிற்பவர் இந்தச் சகோதரி. அவரை ஒதுக்கிவிட்டு அவருடைய பேரப்பிள்ளைக்காகப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை.

இந்தத் தவற்றுக்குக் கேரளம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் அறிக்கை தந்தபோது, கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடியாக இருந்தது. ஆனால் அறிக்கை மலைவாழ் உழவரின் கைக்கு அவருடைய மொழியில் போய்ச் சேருவதற்குள், நிலம் பறிபோகும் என்ற அச்சம் போய்ச் சேர்ந்துவிட்டது. 2013இல் இடுக்கியில் முழு அடைப்புகள் நடந்தன. இடதுசாரிகளும் திருச்சபையும் ஒரே பக்கம் நின்றார்கள். அறிக்கையை ஆதரித்த இடுக்கி நாடாளுமன்ற உறுப்பினர் பி. டி. தாமசுக்கு 2014 தேர்தலில் அவருடைய காங்கிரசுக் கட்சியே வாய்ப்பளிக்கவில்லை. 2024 சூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போன பிறகு எல்லாரும் அந்த அறிக்கையைத் தேடிப் படித்தார்கள். அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் சிறு உழவரும் தோட்டத் தொழிலாளரும்தாம். சூழலைக் காப்பவர் ஒரு பக்கம், ஏழை மறுபக்கம் என்று நிறுத்திவிட்டால் இறுதியில் ஏழையே மண்ணுக்கடியில் போகிறார்.

சகோதரிக்கு என் விடை: எவ்வளவு நீர், எந்த மூலத்திலிருந்து, எத்தனை வேலை, யாருக்கு என்ற நான்கையும் எழுத்தில் வாங்கி உங்கள் கிராம சபையின் முன் வைக்காத வரை, இப்போது தீர்மானிக்க வேண்டும் என்று உங்களை நெருக்கும் எவர் பக்கமும் நிற்க வேண்டியதில்லை. இது முழு விடை இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 6

இதுவரை பிறருடைய தவறுகளையே எழுதினேன். என்னுடையது ஒன்று இருக்கிறது.

2016இல் மழை பொய்த்தது. கேரளம் முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவித்தார்கள். என் தென்னைகள் குருத்து வாடி நின்றன. எங்கள் சித்தூர் ஒன்றியம் அப்போது நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட பகுதி என்பதால் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. குடிநீருக்கென்று விண்ணப்பித்து அனுமதி வாங்கினேன். 2017 தொடக்கத்தில் லாரி வந்தது. ஒரு பகல், ஓர் இரவு ஓடியது. 200 அடி வரை செம்மண் சகதி, அதன் பிறகு வெள்ளை மாவாகப் பாறைத் தூள். அது மட்டையெல்லாம் படிந்து, தோப்பே நரைத்ததுபோல் ஆயிற்று. 640 அடியில் நீர் பீறிட்டது. கையில் ஏந்தினேன், வெதுவெதுப்பாக இருந்தது. எந்தக் காலத்து மழையோ அது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வேலி ஓரம் வந்து நின்று, “வந்துதா கண்ணு?” என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். சிரித்துவிட்டுப் போனார். குடிநீருக்கென்று வாங்கிய அனுமதியில் இரண்டரை ஏக்கர் தோப்புக்குப் பாய்ச்சினேன். அந்தக் கோடை முடிவதற்குள் அவருடைய திறந்த கிணற்றில் வாளி பாறையில் முட்டும் ஓசை என் வாசலுக்குக் கேட்டது. என் போர்தான் காரணம் என்று யாராலும் நிறுவ முடியாது; அந்த ஆண்டு மழையே இல்லை. அவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

இங்கே இதை எழுதக் காரணம், அன்று எல்லாக் கொள்கைகளும் எனக்கு ஒத்துழைத்தன என்பதுதான். நிலம் என்னுடையது. அரசின் அனுமதித் தாள் என் பையில் இருந்தது. நான் உழவன், தோப்பு காய்ந்தால் தேங்காய் வெட்டும் மூன்று பேருக்கும் கள் இறக்குபவருக்கும் வேலை போகும் என்று அப்பாவின் வாதத்தையும் சொல்லிக்கொண்டேன். தாராளவாதம், அரசு, வர்க்கம் எல்லாம் என் பக்கம். பெரியம்மாவின் பக்கம் ஒரு கயிறு இருந்தது. அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது கிணற்று நீரை அளக்க முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்த கயிறு. அது சொன்னதைக் கேட்க வேண்டிய அமைப்பு ஒன்றும் அன்று எங்கள் ஊரில் இல்லை.

ஏப்ரல் 7

‘தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளலாமே’ என்று எழுதியவருக்கு: அடுத்த ஆண்டே குழாய் இழுத்துக் கொடுத்தேன். அது என் மனத்துக்கு. கிணற்றுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 20

பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்டன. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். அந்த எண் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் அது குறைந்தது என்று இங்கே மறியலும், எங்களுக்கே இல்லை என்று அங்கே மறியலும் நடக்கும். இரண்டு பக்கத்திலும் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனைமலைப் பக்கம் இருக்கும் மாமாவிடம் பேசினால் அவர் பேச்சு நியாயமாக இருக்கும். போனை வைத்துவிட்டு இங்கே வாய்க்காலைப் பார்த்தால் இதுவும் நியாயமாக இருக்கும். அந்தக் கணக்கில் இரண்டு மாநிலங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஆற்றுக்கென்றும், நாற்பது ஆண்டுகள் கழித்து அதே மடையில் நிற்கப்போகிறவருக்கென்றும் ஒரு பங்கு ஒதுக்கப்படவில்லை. தேசியவாதமும் மாநிலப் பற்றும் உழவர் நலமும் சேர்ந்து செய்த கணக்கு அது. எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள்.

பிறக்காதவருக்கு யார் கணக்கில் கையெழுத்திடுவது? வேல்சு நாட்டில் 2015இல் சட்டம் இயற்றி, வருங்காலத் தலைமுறையினருக்கென்று ஓர் ஆணையரை அமர்த்தியிருக்கிறார்கள். பொது அமைப்புகள் முடிவெடுக்கும்போது அவர் கேள்வி கேட்கலாம், பரிந்துரைக்கலாம். தடுத்து நிறுத்தும் அதிகாரம் கிடையாது. அதிகாரம் கொடுத்துவிட்டால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் மக்களுக்கு மேலே அமர்ந்துவிடுவார், நான் 14ஆம் தேதி அஞ்சிய இடத்துக்கே போய்ச் சேருவோம். கொடுக்காவிட்டால் அடைமொழியாகவே நிற்பார். இந்த முடிச்சை அவிழ்த்த கொள்கை எதையும் நான் இன்னும் காணவில்லை.

என் நிலை இப்போது இதுதான். வேலந்தாவளத்து நண்பர் சொன்னதுபோல் இதற்குத் தனிக் கொடி இல்லாமல் இருக்கலாம். ஆனால் புத்திமதி என்று அவர் சொன்னதை இன்னும் ஏற்கவில்லை. புத்திமதி கேட்பவர் விருப்பம். நான் கேட்பது, போர் போட அனுமதி தரும் ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் கிராம சபையில் சத்தமாகப் படித்துவிட்டு அதன் பிறகே கை தூக்க வேண்டும் என்ற விதி. மக்கள் அதற்குப் பிறகும் ஆழ்துளைக் கிணற்றுக்கே கை தூக்கலாம். தூக்கினால் தெரிந்து தூக்கட்டும், யாருடைய முறைநீரை எடுத்தார்கள் என்பது பதிவேட்டில் இருக்கட்டும். 2017இல் அப்படி ஒரு விதி இருந்து, பெரியம்மா கிணற்றின் அளவை என் எதிரில் படித்திருந்தால், குடிநீருக்கு என்று நான் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன் என்றே நம்புகிறேன்.

மே 4

பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டார். மார்ச் முதல் ஞாயிறுதோறும் காலையில் அளந்து நோட்டில் எழுதுகிறேன். எங்கள் தெருவில் மேலும் நான்கு கிணறுகளையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு வீட்டில் எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன், வாளியை அவர்களே எடுத்து வைத்தார்கள். கிணற்றின் விளிம்பிலிருந்து நீருக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணுவதுதான் கணக்கு. இன்று பெரியம்மா கிணற்றில் முப்பத்தொரு முடிச்சு இறங்கி முப்பத்திரண்டாவது நனைந்தது. போன ஞாயிறு முப்பதாவதே நனைந்தது. அடுத்த கிராம சபைக்கு நோட்டைக் கொண்டு போகிறேன். வார்டு உறுப்பினரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

எலப்புள்ளிச் சகோதரி தம் ஊரில் அளக்க எவ்வளவு நீளக் கயிறு வேண்டும் என்று கேட்டிருந்தார். நாற்பது முழம் வாங்குங்கள். தேங்காய் நார்க் கயிறு போதும். நைலான் கயிற்றில் முடிச்சு வழுக்கும்.